சூடு காட்டாத கத்தி

குசினித் தரையில், அடுப்படியில், றொகான் செத்து மல்லாந்து கிடந்தான்.

கழுத்தில் இரண்டு அங்குல இரும்புத் துண்டு. மீதிக் கத்தி, பிடியோடு பக்கத்தில்!

பேசாலை ஊரில் ஐயோ பாவம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. குடித்துவிட்டுப் பெண்சாதிக்குக் கை ஓங்குகிறவனுக்கு யார் அழுவார்?

அந்தப் பெண்சாதி டினோஜா, மூலையில் பொரிக்கிற இரும்புத் தாச்சியைப் பிடித்தபடி நின்றாள். தாச்சி விளிம்பில் ஒரு புது வெட்டு.

"வெட்ட வந்தவர்... தாச்சியால மறிச்சன். கத்தி தானா உடைஞ்சு அவரிலயே குத்தினது..."

இன்ஸ்பெக்டர் கொலின்ஸ் எத்தனை கதை கேட்டவர்! அவளை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு, உடைந்த கத்தியோடு கொல்லர் கிறகரியின் பட்டறைக்குப் போனார்.

"இது நீங்கள் செய்ததோ?"

"ஓம் ஐயா. பழைய அரத்தில அடிச்சது. அரத்தின்ர பல்லு இன்னும் தெரியுது, பாருங்கோ. முந்தநாள் றொகானுக்குக் குடுத்தனான்."

"அதாலதான் பெண்சாதி அவனைக் குத்திப்போட்டாள். கத்தி தானாப் பறந்ததாம். பின்னேரம் கோட்டுக்குக் கொண்டு போறன். கொலை வழக்கு."

கிறகரியின் முகம் கறுத்தது.

"அவள் குத்தேல்லை."

"கண்டனீங்களோ?"

"காணேல்லை. காட்டுறன். தள்ளி நில்லுங்கோ."

உலையிலிருந்து செக்கச் சிவந்த அலகு ஒன்றை எடுத்தார். எண்ணெய்க்குள் முக்கினார்.

ஸ்ஸ்ஸ்...! புகை மண்டியது.

"அரம் நல்ல உருக்கு. இப்பிடித் தோய்ச்சால் கல்லு மாதிரி இறுகிப்போகும். ஆனா கண்ணாடி மாதிரி உடையும். பேந்து மெல்லிய சூடு காட்டி, வைக்கோல் நிறம் வரேக்க எடுக்கோணும். அப்பதான் அது கத்தி."

சூடு காட்டவில்லை. ஆறிய அலகைக் குறட்டில் பிடித்து, பட்டடை விளிம்பில் ஓங்கி ஒரு வெட்டு!

டிங்!

பறந்த துண்டு கொலின்ஸின் காதோரம் போய்க் கதவில் குத்தி நின்றது.

அவர் இரண்டு உடைவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே சாம்பல் நிறம், அதே பொடி மணல் போன்ற சொரசொரப்பு. தாச்சி விளிம்பில் கண்ட புது வெட்டுக்கும் இப்போது காரணம் விளங்கியது. போனை எடுத்தார்.

"அந்தப் பிள்ளையைக் கூண்டுக்குள்ள போடாதேங்கோ. கதிரையில இருத்தித் தேத்தண்ணி குடுங்கோ."

கிறகரி கண்ணை மூடிச் சிலுவை போட்டார். அவருக்கு உயிர் வந்தது.

கொலின்ஸ் விடவில்லை.

"முப்பது வருசமாக் கத்தி அடிக்கிறீங்கள். இதுக்கு மட்டும் சூடு காட்ட மறந்தீங்களோ?"

"மறக்கேல்லை."

கொலின்ஸ் நிமிர்ந்தார்.

"எலும்பில பட்டாலும் மழுங்கக்கூடாது எண்டான் றொகான். ஆட்டுக்கோ எண்டு கேட்டன். சிரிச்சான். அவன்ர வீட்டில ஆடு இல்லை, ஐயா. ஞாயிறுப் பூசையில அந்தப் பிள்ளையின்ர வீங்கின முகத்தைப் பாத்தனான்."

"குடுக்காமல் விட்டிருக்கலாமே?"

"கடையில வாங்கியிருப்பான். கடைக் கத்தி உடையாது."

கொலின்ஸ் உடைந்த கத்தியைத் தாளில் சுற்றினார்.

"அப்ப உங்களைத்தான் பிடிக்கோணும்."

"பழுதான சாமான் வித்ததுக்கோ?" கிறகரி கையைத் துடைத்தார். "அதுக்கு வாங்கினவர் நேரில வந்து முறைப்பாடு குடுக்கோணும், ஐயா."