ஒன்பதாம் பக்கத்தில் நின்றுபோன விமானம்

திருவரங்குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. வெளியே பார்த்தால் நெல் மூட்டை அடுக்கும் இடம் போலத்தான் தெரியும். உள்ளே போனால்தான் தெரியும், அங்கே விமானம் செய்கிறார்கள் என்று!

பெரிய விமானம் இல்லை. ஒரே ஒருவர் உட்காரலாம், அவ்வளவுதான். அதையும் முழுசாகச் செய்து கொடுப்பதில்லை. குழாய், துணி, சக்கரம், போல்ட், நட்டு என்று தனித்தனியாகச் செய்து, நீளமான ஒரு பெட்டியில் அடுக்கி, கூடவே ஒரு புத்தகமும் வைத்து அனுப்புவார்கள். வாங்கியவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத் தன் வீட்டிலேயே பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

கொட்டகை சோலையப்பனுடையது. கத்தாரில் பதினோரு வருஷம் விமான மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். இறக்கைக்குத் துணி தைப்பவர் அவர் மனைவி கார்த்திகா. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள் செவந்திக்கு, இறக்கைகளுக்கு அடியில் மல்லாந்து கிடப்பதுதான் வேலை.

கூரையிலிருந்து வெள்ளை இறக்கைகள் கயிற்றில் தொங்கும். மதியக் காற்றில் மெல்ல அசையும். வெயில் துணிக்குள் புகுந்து பாலாக இறங்கும். அப்போது அவளுக்கு, அசைவது இறக்கை இல்லை, கொட்டகைதான் மிதந்து போகிறது என்று தோன்றும். கீழே தோப்பு நகரும், குளம் நகரும், கோயில் கோபுரம் குட்டியாக நகரும்.

ஒரு சனிக்கிழமை, அவள் அப்படி மிதந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. கடலோர மீமிசலிலிருந்து அடைக்கலமேரி டீச்சர். ஓய்வு பெற்றவர். கடலை மேலேயிருந்து பார்க்க ஆசைப்பட்டு, முதல் பெட்டியை வாங்கியவர். அவர் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"தம்பி, ஒங்க விமானம் வாலில்லாத கோழி மாதிரி நிக்குது. ஒரு மாசமா மல்லுக்கட்டுறேன், வால் உக்கார மாட்டேங்குது. பெட்டியைத் திருப்பி எடுத்துக்கங்க."

"ஐயோ டீச்சர்! நாளைக்கே வந்து நான் பூட்டித் தர்றேன்."

"நீங்க பூட்டுனா அது ஒங்க விமானம். என் கையால பூட்டணும்னுதான வாங்குனேன்? புத்தகம் புரியல தம்பி. இன்னும் ஒரு வாரம் பாக்குறேன்."

போனை வைத்த சோலையப்பன், "மொதப் பெட்டியே திரும்பி வந்தா, ரெண்டாவதை யாரு வாங்குவா? நானும் கத்தாருக்குத் திரும்ப வேண்டியதுதான்" என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் செவந்திக்கு நன்றாகக் கேட்டது.

கத்தார் அப்பா போனுக்குள் இருக்கிற அப்பா. "சாப்பிட்டியா ஆத்தா?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் திரையில் உறைந்துபோகிற அப்பா.

சோலையப்பன் புத்தகத்தை மூன்று தடவை படித்தார். "எல்லாம் சரியாத்தான இருக்கு!"

செவந்தி எழுந்து வந்தாள். "எழுதுனதே நீங்கதான? நீங்க படிச்சா சரியாத்தான் இருக்கும். நான் படிச்சுப் பூட்டிப் பாக்குறேன். நீங்க பேசக் கூடாது."

"ஒத்த வார்த்தைகூடவா?"

"இருமக்கூடக் கூடாது."

கார்த்திகா ஒரு தட்டு முறுக்கைக் கொண்டுவந்து கணவர் கையில் கொடுத்தார். "வாய்ல இதைப் போட்டுக்கங்க. அப்பத்தான் சும்மா இருப்பீங்க."

அடுத்த பெட்டிக்காகச் செய்து வைத்திருந்த பாகங்களைப் பரப்பி, வரிக்குக் கீழே விரலை வைத்துப் படித்துப் படித்துப் பூட்டினாள் செவந்தி. எட்டுப் பக்கம் ஓடிவிட்டது. ஒன்பதாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'பிறகு வாலை வழக்கம்போலப் பொருத்தவும்.'

"வழக்கம்போலன்னா? எனக்கு விமானம் பூட்டுற வழக்கம் இல்லையே!"

அப்பா வாயைத் திறந்தார். அவள் முறைத்தாள். அவர் இன்னொரு முறுக்கைக் கடித்தார்.

வால் குழாயின் இரண்டு முனைகளும் அவளுக்கு ஒன்று போலவே தெரிந்தன. ஏதோ ஒரு முனையை மாட்டினாள். வால் உட்காரவில்லை, மீமிசலில் உட்காராத மாதிரியே. சரி, அது கிடக்கட்டும் என்று ஒரு போல்ட்டை எடுத்து அடியிலிருந்து மேலே சொருகினாள்.

அதற்கு மேல் அப்பாவால் தாங்க முடியவில்லை. "ஆத்தா! போல்ட்டோட தலை மேல இருக்கணும்! அப்பத்தான் நட்டு கழண்டாலும் போல்ட்டு விழாம நிக்கும். குழாயையும் திருப்பு. ரெண்டு துளை இருக்குற முனைதான் முன்னாடி வரும்!"

"ஓஹோ. இதெல்லாம் புத்தகத்துல எங்க இருக்கு?"

அவர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். "இது... எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?"

"எனக்குத் தெரியாதே."

அப்பா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பதினோரு வருஷமாக அவர் கைக்குத் தெரிந்ததை, அந்தக் கை புத்தகத்திடம் சொல்லவே இல்லை!

"டீச்சருக்கு மட்டும் தெரியுமாக்கும்!" என்று தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

ஞாயிறு சாயங்காலத்துக்குள் செவந்தி பதினேழு இடத்தில் முழித்தாள். முழித்த இடத்திலெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டாள். அப்பா விளக்கினார், அவள் எழுதினாள். 'ரெண்டு துளை இருக்கும் முனை விமானத்தின் மூக்கைப் பார்க்கட்டும். போல்ட்டின் தலை வானத்தைப் பார்க்கட்டும்.'

"செங்குத்தாகன்னு போடுவோமா?" என்றார் அப்பா.

"வேணாம்ப்பா. வானம் எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்."

திங்கட்கிழமை புதுப் புத்தகம் பஸ் ஏறி மீமிசலுக்குப் போனது. செவ்வாய் போன் வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை அப்பா தன் பழைய சூட்கேசைத் தூசி தட்டினார். செவந்தி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை மதியம், முந்திரி மரத்தடியில் பாய் போட்டுப் படுத்தவள் அப்படியே கண் அயர்ந்தாள். கனவில் கடல் வந்தது. நீலமாக, மடித்து வைத்த சேலையை உதறி விரித்த மாதிரி, எல்லை இல்லாமல் விரிந்தது. அதன் மேல் ஒரு குட்டி நிழல் ஓடியது. எங்கேயோ போன் அடித்தது. மேகத்துக்குள்ளிருந்து வருவது போல அப்பாவின் குரல் கேட்டது.

"உக்காந்துருச்சா டீச்சர்? வால் உக்காந்துருச்சா! ... புத்தகத்தைத் திருத்துனவங்களா? அது எங்க இன்ஜினியர் டீச்சர். பேசலாம், ஆனா அவங்க இப்ப தூங்குறாங்க. ... கத்தாருக்கா? நான் எங்கிட்டும் போகல. இங்கனதான் இருப்பேன். அடுத்த பெட்டி கட்டணும்ல?"

செவந்தி கண்ணைத் திறக்கவில்லை. மீமிசல் கடலுக்கு மேலே அவளுக்கு இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது.