வெயில் படும் கொடி

அவளை வீட்டில் எல்லோரும் 'பட்டாசு' என்றுதான் கூப்பிடுவார்கள். மனதில் பட்டது அப்படியே வாயில் வந்துவிடும்.

அன்று பள்ளிக்குக் கிளம்பும் நேரம். அக்கா பாயை விட்டு எழவில்லை.

"அக்கா, இன்னைக்கு ஓட்டப் பந்தயத்துக்கு ஆள் எடுக்கிறாங்கல்ல? எந்திரி!"

"நான் வரலடி. நடந்தாலே தொடையெல்லாம் எரியுது."

மாதவிடாய் நாட்களில் அக்கா துணிதான் வைத்துக்கொள்வாள். அதைத் துவைத்து, யார் கண்ணிலும் படாமல் பீரோவுக்குப் பின்னால் காயப் போடுவாள்.

பட்டாசு அங்கே கையை விட்டுப் பார்த்தாள். துணி சில்லென்று இருந்தது. மூக்கைச் சுருக்கினாள்.

"இது காயவே இல்லக்கா. மழையில நனைஞ்ச என் சாக்ஸ் மாதிரி நாறுது. அதைப் போட்டு எனக்குக் காலெல்லாம் அரிச்சுதே!"

"பள்ளிக்கூடத்துக்கு வந்த நர்ஸம்மாவும் வெயில்லதான் காயப் போடச் சொன்னாங்க. ஆனா வெளியில போட்டா அப்பா பார்ப்பாரே. அம்மாவே இத்தனை வருஷமா இப்படித்தான் பண்றாங்க."

"அப்பா பார்த்தா என்ன ஆகும்?"

அக்கா போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

"நான் அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "சொல்லு. ஆனா தெருவுக்கே கேக்கிற மாதிரி சொல்லாத!"

அப்பா வாசலில் ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு செயின் மாட்டிக்கொண்டிருந்தார். பட்டாசு அவர் காதருகே குனிந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக ரகசியக் குரலில் பேசினாள்.

"அப்பா, அக்காவோட மாதவிடாய்த் துணி வெயில்ல காயணும். ஈரத் துணி வச்சு வச்சு அவளுக்குப் புண்ணாயிடுச்சு. ஒரு கொடி கட்டித் தர்றீங்களா?"

அப்பாவின் கை நின்றது. காது சிவந்தது. கையில் இல்லாத அழுக்கையும் சேர்த்துத் துடைத்தார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ரொம்ப நாளா. அம்மாவும் அப்படித்தான்."

"அம்மாவுமா?"

அப்பா சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். "வா, பின்பக்கம் எங்க வெயில் நல்லா விழுதுன்னு பார்க்கலாம்."

மாலையில் வேலையிலிருந்து வந்த அம்மா பின்பக்கம் கட்டியிருந்த புதுக் கயிற்றைப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"உனக்கும் பொண்ணுக்கும்தான். துணி நல்லாக் காயட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பா விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். அம்மா அந்தக் கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை, பீரோவுக்குப் பின்னால் இருந்த துணிகள் எல்லாம் சோப்புக் குளியல் முடித்து வெயிலில் ஆடின. நர்ஸம்மா கொடுத்த களிம்பில் ஒரு வாரத்தில் புண் ஆறியது. ஓட்டப் பந்தயத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். அக்கா கொஞ்சம் அழுதாள். ஆனால் அடுத்த மாதம் ஒரு நாள்கூட அவள் லீவு போடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் கிரீஸ் சட்டையைத் துவைத்து அந்தக் கொடியில் போட்டார். அம்மா, அக்கா, பட்டாசு மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"அது எங்க கொடி!"