சரியாக முப்பதாயிரம்

குற்றவாளியின் கண்ணை ஒருமுறை பார்த்தே உண்மையைக் கறந்துவிடும் மனிதர்கள் இந்த உலகத்தில் மொத்தம் ஐந்து பேர்தான்.

அவர்களில் ஒருவர் பஸ்ஸைத் தவறவிட்டு, வியர்வையில் நனைந்து நடந்து வந்துகொண்டிருந்தார்.

தனியார் துப்பறிவாளர். பட்டப்பெயர் கழுகு. அவரே வைத்துக்கொண்டது.

போன் போட்டு அவரை வரச்சொல்லியிருந்த, தெருமூலை லாண்டரிக் கடைக்குள் நுழைந்தார்.

தரையில் ஓர் உடல்!

துவைக்க வந்த கோட்டுகளின் குவியலுக்கு நடுவே, மல்லாந்து. வலது கையில் செல்போன். நெஞ்சின்மேல் 'நாளை டெலிவரி' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

கழுகு மண்டியிட்டார்.

"உயிர் போய் எவ்வளவு நேரமாச்சு?"

"போகலைங்க," என்றாள் உடலின் மனைவி. "பேங்க் பேலன்ஸ் பார்த்தாரு."

உடல் எழுந்து உட்கார்ந்தது. கடை முதலாளி.

அவர் திக்கித் திணறிச் சொன்னது இவ்வளவுதான். நேற்றுக் காலை பேங்க் ஆப்பில் முப்பத்திரண்டாயிரம் காட்டியது. வியாபாரம் தன்னை அறியாமல் முன்னேறிவிட்டதாக நம்பி, இருபத்தாறாயிரத்துக்கு நீராவி இஸ்திரி மெஷின் ஒன்று வாங்கினார். மிச்சம் ஆறாயிரம் இருக்க வேண்டும். இன்று திறந்தால்... மைனஸ் இருபத்து நாலாயிரம்.

"ஆறாயிரத்தையும் எடுத்துட்டு, இருபத்து நாலாயிரம் கடனும் வெச்சுட்டுப் போயிருக்கான் சார்."

கழுகு விரல்விட்டுக் கூட்டினார்.

"சரியா முப்பதாயிரம். சில்லறையே இல்ல. கத்துக்குட்டி வேலை இல்ல இது... கைதேர்ந்தவன்."

பின் நம்பர் தெரிந்தவர்கள் மூன்று பேர். முதலாளி, அவர் மனைவி, மனைவியின் தம்பி. முதலாளி தன் மனைவியைச் சந்தேகிக்கவில்லை. சந்தேகித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

மிஞ்சியது மச்சினன். முப்பத்தைந்து வயது. கடையில் சீட்டு எழுதிக் கொடுப்பவன்.

நாலு மணிக்குள் உண்மையைக் கக்கவைத்து, போலீசில் ஒப்படைத்துவிடலாம் என்றார் கழுகு.

மனைவி கணவனை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"அவன் போலீசோட இந்தக் கடை வாசப்படி இறங்கினா நானும் இறங்குறேன். பன்னெண்டு வருஷம் ஊரார் சட்டைக்கு இஸ்திரி போட்டாச்சு. போதும்."

முதலாளிக்கு மறுபடியும் மயக்கம் வரும்போல் இருந்தது. கோட்டுகள் கசங்கும் என்பதால் நின்றுகொண்டார்.

கழுகு பொறி வைத்தார்.

மச்சினனின் செல்போனைப் பிடுங்கி, அவனைத் துணி உலர்த்தும் அறையில் தள்ளிப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். முதலாளி போய் எதிரே இருந்த பேங்க் டெபாசிட் மெஷினில் தன் கணக்குக்கு நாலாயிரம் போட்டுவிட்டு வந்தார். தூண்டில் இரை.

இருவரும் ஆப்பைத் திறந்தார்கள்.

மைனஸ் இருபதாயிரம்.

"நாலாயிரம் போட்டேன் சார்... நாலாயிரம்ல இருக்கணும்? ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள போயிடுச்சு."

இருபத்து நாலு இருபது ஆகியிருந்ததை இருவருமே பொருட்படுத்தவில்லை. அறை பூட்டியபடியே இருந்தது. வேறு யாராக இருந்தாலும் மச்சினன் நிரபராதி என்று முடிவு கட்டியிருப்பார்கள். கழுகு அப்படிப்பட்டவர் அல்ல.

"பூட்டின ரூமுக்குள்ள இருந்துக்கிட்டே எடுத்திருக்கான். நாப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு திறமைசாலியைப் பார்த்ததில்ல."

அந்த நாற்பதில் முப்பத்தெட்டு, ஒரு வக்கீல் ஆபீசில் தபால் பிரித்த வருடங்கள்.

உள்ளே போனார். கண்ணைப் பார்த்தார். பதினோரு நிமிடம்.

வெளியே வந்தபோது கையில் ஒரு தாள்.

'பணத்தை எடுத்தது நான்தான். மன்னிக்கவும்.' கீழே மச்சினனின் கையெழுத்து!

மனைவி படித்தாள். ஏப்ரனைக் கழற்றி, மடித்து, மேஜைமேல் வைத்தாள்.

முதலாளி போலீஸ் நம்பரை அழுத்தினார். ஒன்று... பூஜ்யம்...

கதவு திறந்தது.

"என் கோட்டு ரெடியா?"

அடுத்த தெரு பேங்க்கின் அதிகாரி. அவசரத்தில் இருந்தாள். அங்கிருந்த முகங்களைப் பார்த்து என்னவென்று விசாரித்தாள். செல்போனை வாங்கி இரண்டு தரம் தேய்த்தாள்.

"இதுல திருட்டு எங்க இருக்கு? இது ஓவர்டிராஃப்ட்."

கழுகு நோட்டைத் திறந்தார். "எங்க குடியிருக்கான்?"

அவள் அவரைப் பொருட்படுத்தாமல் முதலாளியிடம் திரும்பினாள்.

"உங்க சொந்தப் பணம் ரெண்டாயிரம்தான் சார். அது தீர்ந்தா, முப்பதாயிரம் வரைக்கும் பேங்க் தன் பணத்தைக் குடுக்கும். அதான் உங்க வரம்பு. ரெண்டையும் கூட்டித்தான் 'எடுக்கக்கூடிய தொகை'ன்னு காட்டும். எடுக்கலாம். ஆனா உங்களுது இல்ல. இன்னைக்கு மைனஸ்ல காட்டுறது, பேங்க் பணத்துல நீங்க எடுத்தது."

"நான் கேக்கவே இல்லையே மேடம்."

"போன மாசம் பதினேழாம் தேதி ஆப்புல மூணு தடவை 'சம்மதம்' அமுக்கியிருக்கீங்க."

"அமுக்கினாத்தான் அந்த அறிவிப்பு திரையை விட்டுப் போகும்னு நெனச்சேன்."

"இப்பப் போட்ட நாலாயிரம்?" என்றாள் மனைவி. முதல் உருப்படியான கேள்வி.

"குழியில விழுந்துச்சு. போடுற பணம் முதல்ல மைனஸைத்தான் அடைக்கும். அடைஞ்சு முடிஞ்சப்புறம்தான் உங்க கையிருப்பு. எவ்வளவு எடுத்தீங்களோ, எத்தனை நாள் வெச்சிருந்தீங்களோ, அதுக்கு மட்டும் வட்டி. தொடாட்டி வட்டி இல்ல. முப்பதாயிரத்தைத் தாண்டினா அபராதம். அவ்வளவுதான். என் கோட்டு?"

கோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

முதலாளி சாவியைப் பிடுங்கி அறையைத் திறந்தார். மச்சினனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மச்சான்... மன்னிச்சுருடா. கணக்குல யாரும் கை வைக்கல. எல்லாம் என் முட்டாள்தனம்."

மனைவி மறுபடி ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்புறம் ஏன்டா எழுதிக் குடுத்தே? அடிச்சாரா?"

"இல்லக்கா. பார்த்துக்கிட்டே இருந்தாரு... எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சுட்டேன்."

"என்ன தெரிஞ்சுபோச்சுன்னு?"

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அத்தானைப் பார்த்தான். கடைசியாகக் கல்லாவைப் பார்த்தான்.

"ஏழாயிரத்து இருநூறு... மூணு மாசமா... கொஞ்சம் கொஞ்சமா."

கழுகு சட்டைக் காலரைச் சரிசெய்தார். ஃபீஸை ரொக்கமாகவே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

மனைவி கணவன் பக்கம் திரும்பினாள்.

"தினமும் கல்லாவை எண்ணிப் பூட்டுறது நீங்கதானே?"

முதலாளி ஒரு கோட்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

கல்லாவில் பணம் குறைந்தது அவருக்கு அதுவரை தெரியாது.