சலவைத் தண்ணீர்

குளியலறை விளக்கைப் போட்டதும் தரையிலிருந்த வடிகால் சல்லடைக்குள் ஏதோ நிமிர்ந்தது.

அணைத்தாள். மறுபடி போட்டாள். சல்லடைத் துளை வழியே ஒரு பச்சை நுனி எழும்பி, பல்பு இருந்த பக்கமாகச் சாய்ந்து நின்றது. கூடவே மக்கிய சேறும் சோப்பும் கலந்த வாடை. ஏரிக்கரையில் அவள் நடத்தும் சலவைக்கூடத்தின் பின்பக்கம் கோடை முழுக்க அடித்த அதே வாடை.

கழிவுநீர்த் தொட்டி நிரம்பியபோது, ரெண்டு நாளைக்குத்தானே என்று குழாயை ஏரிக்குத் திருப்பிவிட்டவள் அவள்தான். பிறகு மறந்தாள், மறந்ததாக வைத்துக்கொண்டாள். சோப்புத் தண்ணீரைக் குடித்து ஏரிக்கடியிலிருந்த செடிகள் முதலில் மதமதவென்று வளர்ந்தன. அப்புறம் நீர்மேல் பச்சைப் பாசி ஆடையாய்ப் படர்ந்து வெயிலை மறைத்தது. அடியில் இருட்டிப்போன செடிகள் இலையை உதிர்த்துவிட்டு, வெளிச்சத்துக்காகத் தண்டை மட்டும் நீட்டி நீட்டி, ஒன்றோடொன்று பின்னி மேலே ஏறின. அந்தப் பின்னலுக்குள்தான் அவளுடைய கொழுந்தன், தினமும் நீந்தி அக்கரை தொட்டுத் திரும்புகிறவன், போன மாதம் சிக்கிக்கொண்டான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

"நீச்சல் தெரிஞ்சவனுக்குத்தான் தண்ணியில சாவு" என்று ஊர் சொன்னது. அவளும் தலையாட்டினாள். இப்போது மூடினால் இதுவரை திறந்திருந்தது தெரிந்துவிடுமே என்று குழாயை இன்னும் தொடவில்லை.

குனிந்து நுனியைப் பிடித்து இழுத்தாள். வெளிறிய, இலையற்ற, சில்லென்ற தண்டு வந்துகொண்டே இருந்தது. கையில் சுற்றினாள். முடியவில்லை. இன்னொன்று. இன்னொன்று.

"என்ன பண்ற உள்ள?" கதவுக்கு வெளியே கணவன் குரல்.

"ஒண்ணுமில்லைங்க. முடி அடைச்சிருக்கு."

"தள்ளு, நான் பாக்கறேன். தம்பி இருந்தா நொடியில எடுத்துடுவான்."

'நான்தாங்க குழாயைத் திருப்பினேன்' என்று சொல்ல வாயெடுத்தாள். கையில் சுற்றிய தண்டை உதறினாள்.

விளக்கை அணைத்தாள். கதவைத் திறந்து, அவனை இடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். கூடத்து விளக்கு. சமையலறை விளக்கு. வீடு இருண்டது. வெளிச்சம் இல்லையென்றால் வராது. வரக்கூடாது.

இருட்டில் சல்லடை கழன்று தரையில் உருண்டது.

"கரண்ட் போயிடுச்சா?" என்றான் அவன்.

"போடாதீங்க. எதையும் போடாதீங்க."

அவன் போன் வெளிச்சத்தைக் குளியலறைக்குள் நீட்டினான்.

தண்டுகள் எல்லாம் ஒன்றாக அவன் பக்கம் திரும்பின. அவற்றில் ஐந்து, மற்றவற்றைவிட வெளுத்துத் தடித்தவை, மெதுவாக மடங்கி நிமிர்ந்தன.

அந்த ஐந்துக்கும் நகம் இருந்தது.