கொடிக்கம்பி

தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் வெங்கிட்டுவின் வீட்டுக் கொல்லையில் கொடியில் கிடந்த துணிகள் கிழக்கே பார்த்து விறைத்து நின்றன. அவன் வேட்டி, ஜெயலக்ஷ்மியின் புடவை, குழந்தையின் சட்டை எல்லாமே. எழுபத்தெட்டாம் வருஷம், ஆனி மாதம். மழை ஓய்ந்த கொச்சி மட்டாஞ்சேரியில் சாயங்காலப் புழுக்கம் தாங்கவில்லை, கிடங்குகளின் சுக்கு வாசனை தெருவிலேயே தேங்கிக் கிடந்தது. கொல்லையில் மட்டும் ஈரத் தேயிலை மணத்தது.

ஆபீஸ் பையோடு அப்படியே நின்றான். சட்டைப்பையில் நாலு மணிக்கு வந்த தந்தி இருந்தது. மலையில் பெருங்காற்று, கம்பெனியின் தேயிலை எஸ்டேட்டில் ஏழு தகர வீடுகளும் போய்விட்டன, கங்காணி சங்கிலிப்பாண்டி குடும்பத்தோடு செத்துப்போனான்.

வெங்கிட்டுவுக்குக் கோபம் வந்தது. முகட்டில் கொண்டுபோய் வீடு கட்டிய துரை மேல், தந்தியை அவனிடம் நீட்டிய பியூன் மேல், செத்தவன் மேலும்கூட. திருட்டுப்பயலுக்குக் கோபம் ஒரு கேடு!

வைகாசியில் அந்தச் சங்கிலிப்பாண்டி மலையிறங்கி ஆபீசுக்கே வந்து கைகட்டி நின்றான். “ஐயா, தகரத்து மேல கல்லு வச்சா மட்டும் நிக்காது. கம்பியக் கூரைக்கு மேல போட்டு, ரெண்டு பக்கமும் மொளை அடிச்சு இறுக்கணும். அப்புறம் காத்து அடங்குற வரைக்கும் உள்ளயே கெடந்தா பொழச்சுக்குவோம்.”

கம்பெனி கம்பி வாங்கத்தான் வாங்கியது. பெரிய சுருள். அதை லாரியில் ஏற்ற வேண்டியவன் வெங்கிட்டு. கொடி கட்ட ஒன்றுமில்லை என்று ஜெயலக்ஷ்மி நச்சரித்துக்கொண்டிருந்தாள். சுருள் வீட்டுக்கு வந்துவிட்டது. வேண்டியதை வெட்டிக் கட்டிவிட்டு மிச்சத்தைத் துவைக்கிற கல்லடியில் போட்டிருந்தான். ஏழு வீட்டு உயிரில் வேட்டி உலர்த்திய மகராசன்!

“கேட்டேளா, காத்தே இல்லியே, துணி என்னாக்கும் இப்படிப் பறக்கறது?” குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெயலக்ஷ்மி கொல்லை வாசற்படியில் வந்து நின்றாள்.

“உள்ளே போ. கதவைச் சாத்திக்கோ.”

அவள் சாத்திக்கொண்டாள். அவன் கொடியை அவிழ்க்கப் போனான். எங்கோ தகரம் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்தத் தெருவில் எல்லாமே ஓட்டு வீடுகள்.

முடிச்சில் கை வைப்பதற்குள் அது தானாகவே அவிழ்ந்தது. துணிகள் சேற்றில் விழுந்தன. கல்லடியில் கிடந்த சுருள் புரண்டது. கம்பி விர்ரென்று அவன் தலையைத் தாண்டி, கூரையைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கியது.

டொக்.

முளை அடிக்கிற சத்தம். அடிக்கிற ஆளைக் காணோம்.

டொக். இரண்டாவது சுற்று. மூன்றாவது.

“கேட்டேளா! கதவு தொறக்க மாட்டேங்கறது!”

கம்பியைப் பிடித்து இழுத்தான். உள்ளங்கை கிழிந்தது. ஐந்து. ஆறு. ஏழு.

காதோரம் குளிர்ந்த மூச்சு. பணிவான குரல்.

“இறுக்கணும், ஐயா.”

கம்பிகள் முறுக்கேறின. ஓடுகள் நொறுங்கின. சுவர் உள்பக்கமாக வளைந்தது. ஜன்னல் கம்பிகள் நெருங்கி நெருங்கி வந்தன. அவற்றின் நடுவே குழந்தையின் கை வெளியே நீண்டிருந்தது.

தென்னை ஓலை அசையவில்லை. முளைகள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன.