சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

தண்ணீர் காய்ச்சும் போசியின் அடியில் படிந்திருந்த உப்பு வெள்ளையாக இல்லை, மஞ்சளாக இருந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் உப்புத் தண்ணீர் புதிதா என்ன? வேறொருத்தி என்றால் சுரண்டி எறிந்திருப்பாள். அனிதா பள்ளியில் வேதியியல் எடுப்பவள். ஆய்வகத்துப் புற ஊதா டார்ச் அன்று அவள் கைப்பையில் கிடந்தது. பாழாய்ப்போன ஆர்வம் சும்மா விடுமா?

மாலை மின்தடை. பக்கத்துத் தறிகளின் சத்தமெல்லாம் ஓய்ந்து, புழுங்கிக் கிடந்த அடுப்படிக்குள் டார்ச்சை அடித்தாள். போசியின் அடி பச்சையாக ஒளிர்ந்தது. யுரேனிய உப்பு இப்படித்தான் ஒளிரும் என்று போன வாரம்தான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தாள்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்த கணவன் சிவபிரகாஷைப் போனில் பிடித்தாள்.

"ஏனுங்க, நம்ம போர் எத்தன அடிங்க?"

"ஆயிரத்தி எரநூத்தி நாப்பது. என்ற கையால எறக்குனதாச்சே. ஏம்புள்ள, தண்ணி நின்னு போச்சா?"

"இல்லீங்க. தண்ணி வருதுங்க."

போனை வைத்துவிட்டாள்.

அணுக்கருவில் தொண்ணூற்றிரண்டு புரோட்டான்கள் நெருக்கியடித்துக் கிடக்க, எதையாவது வெளியே எறிந்தபடியே இருக்கும் அணு யுரேனியம். பாதி அழியவே நானூற்றைம்பது கோடி ஆண்டுகள் ஆகும். பாறைக்குள் கரையாமல் கிடந்ததை, துளைவழியே இறங்கிய காற்று தொட்டது. மொத்தத்தில் ஆறு எலக்ட்ரான்களை இழந்து, இருபுறமும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு, மணமில்லாமல் ருசியில்லாமல் தண்ணீரோடு மேலே வந்துவிட்டது. எலும்புக்கு அது சுண்ணாம்புச் சத்தாகத்தான் தெரியும். வா என்று இடம் கொடுத்துவிடும்.

எட்டு மாத மகன் கௌசிக்குக்குச் சளி பிடிக்கக் கூடாதென்று, ஊர் வழக்கப்படி தண்ணீரைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சிப் புகட்டியவள் அவளேதான். கொதித்தால் நீர்தான் ஆவியாகும், அது அப்படியே தங்கிவிடும். படித்தவளுக்குத் தெரியாதா? தெரியும். அடுப்பின் முன்னால் ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

பால் புட்டி. பச்சை.

சங்கு. பச்சை.

உள்ளறையில் தொட்டில் கயிறு கிறீச்சிட்டது. போனாள். கௌசிக் விழித்திருந்தான். அம்மாவைக் கண்டதும் சிரித்தான். கீழே முளைத்திருந்த இரண்டு பற்களும் பச்சை.

"வேண்டாஞ் சாமி," என்றாள்.

டார்ச்சை அணைத்தாள். வெளிச்சம் நின்றால் அந்தப் பச்சையும் நிற்க வேண்டும். அது விதி.

இருட்டில் இரண்டு பற்கள் சிரித்துக்கொண்டிருந்தன. பிறகு தாடை. பிறகு விலா எலும்புகள், ஒவ்வொன்றாக. தூக்கச் சொல்லி அவளை நோக்கி நீண்ட கைகளில், ஒவ்வொரு விரல் எலும்பும்.