மோராவுக்கு நிறுத்திய சொட்டு

"வலிப்பு குறைஞ்சிட்டு வருதும்மா, எண்ணெய் நல்லா வேலை செய்யுது," என்று கைபேசியில் குரல் அனுப்பியிருந்தாள் கால்நடை மருத்துவர் ரொமினா. "ஆனா நீங்க அனுப்பின வீடியோவுல, பின்னாடி யாரோ கட்டிலைத் தட்டிக்கிட்டே இருக்காங்களே, யாரு அது?"

நெல்பாவின் வீட்டில் அவளையும் பூனை மோராவையும் தவிர வேறு யாரும் இல்லை.

அவள் வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். மோராவின் நகங்கள் தரையோட்டில் பரபரவென்று உரசும் சத்தம், ஆற்றுக் காற்றில் தகரக் கூரை படபடக்கும் சத்தம், அதற்கும் பின்னால், மூடிக் கிடந்த மகள் அறைக்குள்ளிருந்து, இரும்புச் சட்டத்தில் விரல் முட்டி படுகிற டக், டக். யானினா உயிரோடு இருந்தபோது வலிப்பு வரப்போவது தெரிந்ததும் அப்படித்தான் தட்டி அம்மாவைக் கூப்பிடுவாள். கடைசி முறையும் தட்டினாள். நெல்பா விழுந்தடித்து ஓடினாள், பலனில்லை. அந்த மாதமே மகள் வளர்த்த பூனைக்கும் அதே வலிப்பு வந்தது.

நெல்பாவுக்குப் பயம் வரவில்லை. பெற்ற வயிறு குளிர்ந்தது. "வந்துட்டியாடி என் கண்ணே," என்று கதவில் கன்னத்தை வைத்து அழுதாள்.

ஆனால் எண்ணெய் தன் வேலையைச் செய்தது. மோரா விழுவது குறையக் குறைய அறைக்குள் தட்டுவதும் குறைந்து, கடைசியில் இரண்டுமே நின்றன. பூனை வெயிலில் உருண்டது, மீன் கேட்டுக் கத்தியது. நெல்பாவுக்கோ சோறு இறங்கவில்லை. மகள் இரண்டாம் முறை செத்துப்போனதுபோல் இருந்தது அவளுக்கு.

பக்கத்து வீட்டு வில்மார்தான் தன் கொல்லையில் வளர்க்கும் கஞ்சாச் செடியிலிருந்து அந்த எண்ணெயை இறக்கித் தருபவன். புதுக் குப்பியோடு வந்து உட்கார்ந்தான்.

"என்னக்கா, பூனை பிழைச்சதுக்கா இந்த மூஞ்சி? துக்கம் விசாரிக்கணுமா நானு?"

"சும்மா இருடா."

ஒரே குழலில் எல்லோரும் முறைவைத்து உறிஞ்சும் மாத்தே இலைத் தேநீர்க் குடுவையில் அவள் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அடுத்த முறை அவளுடையது. அதற்கடுத்த முறை அவனுக்கு வர வேண்டும். அவளோ குடுவையை நிரப்பி, மகளின் கதவுப் பக்கம் நீட்டி, ஒருவர் குடித்து முடிக்கிற நேரம்வரை கை வலிக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வில்மார் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அடுத்து தன்னிடம் வந்த குடுவையை அரைகுறையாகக் குடித்துவிட்டு, "நன்றிக்கா," என்றான். அந்த ஊரில் நன்றி சொன்னால் இனி ஊற்றாதே, நான் கிளம்புகிறேன் என்று அர்த்தம். வாசல்வரை போய்த் திரும்பினான். "எண்ணெயைத் திடீர்னு நிறுத்திடாதக்கா. ஒரேயடியா தூக்கிப் போட்டுரும், டாக்டரம்மாகூட சொல்லியிருக்காங்கல்ல?"

சொல்லியிருந்தாள்தான். அன்றைக்கே நெல்பா நிறுத்தினாள்.

மோரா வழக்கம்போல் வாயை நக்கிக்கொண்டு சொட்டுக்காகக் காலைச் சுற்றியது. "ஒரே ஒரு தடவைடா. அவ தட்டுறதாவது கேட்கட்டும்," என்று அதன் தலையைத் தடவினாள். சில நாள் கழித்து, குளிர்காலத்துச் சாயங்காலம் சட்டென்று இருட்டிக்கொண்டு வந்தபோது, அடுப்படியில் பூனை பக்கவாட்டில் சாய்ந்தது. மூத்திர வாடை எழுந்தது. நகங்கள் பரபரத்தன.

உள்ளே தட்டல் கேட்டது.

நெல்பா அறைக்கு ஓடிக் கதவைத் திறந்தாள். கட்டில் காலியாக இருந்தது. மெத்தை மட்டும் ஒரு ஆள் படுத்த அளவுக்குக் குழிந்திருந்தது. குழி துடித்தது. கட்டில் சட்டம் சுவரில் மோதியது. டக். டக். டக். மோராவின் கால்கள் உதைத்த அதே வேகம்.

அது கூப்பிடும் தட்டல் இல்லை.

ஐயோ. மகள் கூப்பிடவே இல்லை. அவள் உயிரைக் கொண்டுபோன அந்த வலிப்பு இன்னும் முடியவில்லை. பூனையின் நாக்கில் விட்ட சொட்டுதான் இத்தனை நாளும் அவளையும் ஆற்றியிருக்கிறது. அதைத்தான் அம்மா நிறுத்தியிருக்கிறாள்.

அடுப்படிக்கு ஓடினாள். குப்பி. மூடி. மோராவின் பல் கிட்டித்துப் போயிருந்தது. ஈறில் எண்ணெயைத் தடவினாள். "முழுங்குடா, என் தங்கமில்ல, முழுங்கு."

உதைப்பு நின்றது. மூச்சும் நின்றது. பூனை அவள் மடியில் துணிபோல் தொங்கியது.

அறைக்குள் இடிப்பது நிற்கவில்லை.

நெல்பா குப்பியோடு மகள் அறைக்குப் போனாள். தலையணையில் தலை அழுந்திய பள்ளம் இங்குமங்கும் புரண்டது. வாய் எங்கே? தெரியவில்லை. குத்துமதிப்பாகக் குனிந்து ஒரு சொட்டு விட்டாள். அது தலையணை உறையில் ஊறிப் பரவியது. இன்னொன்று விட்டாள். அதுவும் ஊறியது. "எங்கடி இருக்கு உன் வாயி? அம்மாவுக்குக் காட்டுடி," என்று கதறிக்கொண்டே அவள் குப்பியைக் கவிழ்த்தாள். உறை முழுக்க எண்ணெய். கட்டில் சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது.